அரியலூர் முன்சீபு கேட்ட கேள்வி

ரெட்டிபாளையத்திலிருந்து நம் பழைய மாணவி ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். 2006இல் இளங்கலைத் தமிழ் முடித்தவர். அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் அலுவலகக் கணக்கர் வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்கு விண்ணப்பிக்கத் தம் பழைய தன்விவரக் குறிப்பைக் கையோடு எடுத்து வந்திருந்தார். படித்து முடித்த ஆண்டில் தட்டச்சு நிலையத்தில் அடித்து வாங்கிய ஒற்றைத் தாள் அது. மடித்த இடங்களில் கிழியும் நிலையில் இருந்தது. 'ஒரு தடவை பார்த்துக் கொடுங்க ஐயா' என்றார்.

முகவரியிலேயே நம் கண் நின்றுவிட்டது. ரெட்டிபாளையம், பெரம்பலூர் மாவட்டம் என்றிருந்தது. பிழையன்று; எழுதிய நாளில் அதுவே சரி. அவர் பிறந்தது 1985இல். அப்போது அவ்வூர் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995இல் திருச்சியைப் பிரித்தபோது பெரம்பலூர் மாவட்டத்துக்குள் வந்தது. 2001 ஜனவரி முதல் நாள் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் இறுதியில் அது கலைக்கப்பட்டு மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் அரியலூர் மாவட்டம் பிறந்தது. வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, வாசல் வேம்பு கூட மாறவில்லை. ஆயினும் அவருடைய பிறப்புச் சான்றிதழ் ஒரு மாவட்டத்தையும், ஆறாம் வகுப்பில் சேர வாங்கிய சாதிச் சான்றிதழ் மற்றொரு மாவட்டத்தையும், 2001இல் வாங்கிய இருப்பிடச் சான்றிதழ் மூன்றாவது மாவட்டத்தையும் சொல்கின்றன. ஒருவர் அசையாமல் இருந்தாலும் அவரைப் பற்றிய குறிப்பு பழையதாகிவிடும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சான்று நமக்குக் கிட்டியதில்லை.

அடுத்துக் கணினிப் பயிற்சி: விண்டோஸ் 98, பாமினி எழுத்துருவில் தட்டச்சு. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010இல்தான். அதற்கு நான்காண்டு முன்னர் எழுதிய தாள் இது. 'பணி அனுபவம்' என்ற தலைப்பின்கீழ் 'இல்லை' என்றிருந்தது. ஆனால் 2006 முதல் 2013 வரை அரியலூரில் ஓர் அச்சுக்கோப்பு நிலையத்தில் அவர் வேலை பார்த்ததை நாம் அறிவோம். திருமண அழைப்பிதழ்கள், வினாத்தாள்கள், நம் கல்லூரி மலர்கள் கூட அவர் கைபட்டு வந்தவையே. அந்த ஏழாண்டுகள் தாளில் ஏறவே இல்லை. 2013இல் இரண்டாம் குழந்தை பிறந்தபின் வேலையை விட்டார். அதன்பின் என்ன செய்தாய் அம்மா என்று கேட்டோம்.

'சும்மாதான் ஐயா இருந்தேன்.'

இந்தச் 'சும்மா'வை எப்படி எழுதுவது என்பதே அன்று எங்கள் முன் நின்ற கேள்வி. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது நம் மரபில் கூச்சத்துக்குரிய செயலாகவே இருந்துவந்திருக்கிறது. நாம் தமிழ் படித்தவராதலின் நினைவு நேரே நன்னூலுக்குச் சென்றது.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், அவனுக்குட்பட்ட சிற்றரசன் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கணம் நன்னூல். அதன் பாயிரப் பகுதியில் ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எப்படி அமைய வேண்டுமென்ற விதி வருகிறது. ஆக்கியோன் பெயர், அவன் வந்த வழி, நூல் வழங்கும் எல்லை, பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகள். காலம், களம், காரணம் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இன்றைய விண்ணப்பப் படிவத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் இவற்றை நூலாசிரியன் தானே எழுதலாகாது. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகிய நால்வருள் ஒருவரே எழுத வேண்டும். எல்லாப் பொருளும் அறிந்தவனாயினும் தன்னைப் புகழ்தல் தகாது.

இதோடு நிறுத்தியிருந்தால் பவணந்தியார் வேலை தேடுவோர்க்கு உதவாதவராகப் போயிருப்பார். அடுத்த நூற்பாவிலேயே விலக்குத் தருகிறார். நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி தகும் என்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது; தன் ஆற்றலை அறியாதவர்க்கு அதனை உணர்த்த வேண்டியபோது; பேரவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது; மாற்றார் தன்னைப் பழித்தபோது. முதலிரண்டையும் மறுமுறை பாருங்கள். வேலை தருகிற இடத்துக்கு எழுதும் ஓலை. தன்னை அறியாதவர்க்குத் தன் திறனைச் சொல்லும் இடம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் மாணவியின் கூச்சத்துக்கு இலக்கண அனுமதி தரப்பட்டிருக்கிறது. வகுப்பில் ஆண்டுதோறும் இந்த நூற்பாவை நடத்துகிறோம்; இப்படியொரு பயன் இதற்கு உண்டென்று அன்றுதான் நமக்கும் உறைத்தது.

புலவர்க்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. மன்னர்க்கு இல்லை. ரெட்டிபாளையம் இருக்கும் இதே மாவட்டத்தில், செயங்கொண்டத்துக்கு அப்பால், கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கங்கைகொண்டவன் என்ற விருதையே ஊர்ப்பெயராக்கிக் குடியேறிய மன்னனின் தலைநகர். தன்விவரத்தைக் காலந்தோறும் புதுப்பிப்பதில் சோழர்க்கு இணையானவரைக் காண்பது அரிது. முதற்பராந்தகன் தொடக்கக் கல்வெட்டுகளில் மதுரை கொண்டவன் மட்டுமே; ஈழப் படையெடுப்புக்குப் பின் மதுரையும் ஈழமும் கொண்டவன். அப்போதெல்லாம் ஓர் அடைமொழி போதியதாக இருந்தது. அவன் மரபில் வந்த முதல் இராசராசனே எட்டாம் ஆட்சியாண்டளவில் அதனை அகவலில் அமைந்த மெய்க்கீர்த்தியாக விரித்தான். முதலில் காந்தளூர்ச்சாலை வெற்றி. பின்னர் வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி எனத் தொடங்கி ஈழம், இரட்டபாடி என ஆண்டுக்காண்டு அடிகள் கூடின. கடல் நடுவிலிருந்த தீவுகளை வென்ற செய்தி அவனுடைய ஆட்சியின் கடைசிக் கட்டத்தில்தான் சேர்கிறது.

மகன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி வளர்ந்த விதம் இன்னும் சுவையானது. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் என்று தொடங்குவது, ஈழமும் கேரளமும் சேர்ந்து நீண்டு, கங்கைப் படையெடுப்புக்குப்பின் மேலும் நீள்கிறது. கடாரம் பதினான்காம் ஆட்சியாண்டில், அஃதாவது 1025ஐ ஒட்டி, முதன்முதலாக இடம்பெறுகிறது. ஆகவே ஆண்டு சிதைந்துபோன கல்வெட்டொன்று கிடைத்தால், எந்த வெற்றி வரை சொல்லப்பட்டிருக்கிறது, எது இன்னும் சேரவில்லை என்று பார்த்து அதன் காலத்தைக் கணிக்கிறார்கள் கல்வெட்டறிஞர்கள். கடாரம் இல்லையா, அதற்கு முற்பட்டது. பழைய தன்விவரக் குறிப்பு பயனற்றது என்று எண்ணுவோர்க்கு இது ஒரு செய்தி. அதில் இல்லாததும் ஒரு காலத்தைச் சொல்கிறது. நம் மாணவியின் தாளில் விண்டோஸ் 98 இருப்பதும் ஒருங்குறி இல்லாததும் அப்படிப்பட்டவையே.

நம் தொழிலுலகத்தைப் பற்றியும் இடையில் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி ஆசிரியர்களாகிய நாமும் மெய்க்கீர்த்திக்காரர்களே. தர மதிப்பீட்டுக் குழு வருகிறதென்ற செய்தி வந்தவுடன், பல ஆண்டுகளாகத் துயில்கொண்டிருந்த நம் தன்விவரக் குறிப்புகள் விழித்தெழுந்து, கருத்தரங்குகளையும் கட்டுரைகளையும் அடுக்கத் தொடங்கும். சோழர் கொண்டது நாடு. நாம் கொண்டது பெரும்பாலும் பங்கேற்புச் சான்றிதழ்.

மெய்க்கீர்த்தியில் சேராதது எது? தோல்வி சேராது. மூன்றாம் குலோத்துங்கனையே எடுத்துக்கொள்வோம். நன்னூல் பிறந்த காலத்து மன்னன். மதுரை கொண்டது, பாண்டியன் முடித்தலை கொண்டது, ஈழமும் கருவூரும் கொண்டது என அவன் விருதுத்தொடர் நீண்டது. 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கினான். குலோத்துங்கன் நாடிழந்து வெளியேறி, போசளர் தலையீட்டுக்குப் பின்னரே ஆட்சியைத் திரும்பப் பெற முடிந்தது. இந்த இடைவெளியை நிரப்பியவன் சுந்தரபாண்டியன். சோணாட்டை வென்று திருப்பி வழங்கியவன் என்று அவன் விருது பேசுகிறது. ஒருவன் தன் குறிப்பில் விட்ட வெற்றிடத்தை மாற்றான் தன் குறிப்பில் எழுதிக்கொண்டான். நாம் எழுதாமல் விடுவதைப் பிறர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்வர் என்பதை மாணவியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். 'எங்க மாமியார் எழுதினா எப்படி இருக்கும்னு நினைச்சேன் ஐயா' என்றார்.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி மற்றொன்றும் உண்டு. கோயிலை எழுப்பியவன் இராசேந்திரன். ஆயினும் அங்குப் படிக்கக் கிடைக்கும் கல்வெட்டுகளுள் முந்தையது அவன் மகன் வீரராசேந்திரனுடையது என்பர். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது அக்கோயிலின் சுற்றுமதிற் கற்கள் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டன. அக்கற்களில் என்ன எழுத்திருந்ததோ, இன்று அவற்றின்மேல் தண்ணீர் போகிறது.

இனி இக்கட்டுரையின் உண்மையான கதைத்தலைவருக்கு வருவோம். மன்னரல்லர், வேலை தேடியவர்.

உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்தவர் என்பதையும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் என்பதையும் எல்லாரும் அறிவர். அவருடைய இளமையில் பெரும்பகுதி இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் கழிந்ததை இங்குள்ள பலரே அறியார். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். உடையார்பாளையம் சமீன் ஆதரித்த கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். அரியலூர்ச் சமீனின் ஆதரவில் குடும்பம் அவ்வூரில் வாழ்ந்தது. சடகோபையங்காரிடம் தமிழின் சுவையைச் சாமிநாதையர் முதலில் அறிந்தது அரியலூரில். பின் குன்னம், கார்குடி, செங்குணம் என்று தமிழ் சொல்லித் தருவார் இருக்கும் ஊர்களைத் தேடித் தந்தை மகனை அழைத்துக்கொண்டு அலைந்தார். செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த பிறகே அலைச்சல் ஓய்ந்தது.

1876இல் பிள்ளை மறைந்தார். அதற்குப்பின் நான்காண்டுகள் சாமிநாதையர் திருவாவடுதுறையிலேயே இருந்தார். மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டார், பிறர்க்குச் சொன்னார். இன்றைய படிவத்தில் இவ்வாண்டுகளை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? பட்டமில்லை, பதவியில்லை, பல்கலைக்கழகச் சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. ஊரார் கேட்டிருந்தால் மடத்தில் சும்மா இருக்கிறார் என்றுதான் சொல்லியிருப்பர்.

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற விரும்பினார். அவரும் பிள்ளையின் மாணாக்கரே. தம் இடத்துக்குச் சாமிநாதையரே தக்கவர் என்று முடிவுசெய்து திருவாவடுதுறைக்கு வந்து தேசிகரை இசைவித்தார். தேசிகர் நற்சான்று எழுதித் தந்தார். நன்னூல் விதியை இங்கே நினைவு கூர்க. உடன் கற்றவன் முன்மொழிய, ஆசிரியன் எழுதித் தந்த பாயிரம் அது. கல்லூரியில் கோபாலராவ் முதலியோர் முன்னிலையில் செய்யுளுக்குப் பொருள் சொல்லியும், கேட்டபடி செய்யுள் இயற்றியும் காட்டினார். 1880 பிப்ரவரியில், இருபத்தைந்து வயதை எட்டிய அந்நாளில், மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் சாமிநாதையர் நல்ல கல்லூரி ஆசிரியர் ஒருவராக ஓய்வு பெற்றிருப்பார். எட்டு மாதம் கழித்து, அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு முன்சீபு மாற்றலாகி வந்தார். சேலம் இராமசுவாமி முதலியார். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். அந்த நாளைப் பின்னாளில் தம் வரலாற்றில் தேதியோடும் கிழமையோடும் குறித்து வைத்தார்.

யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்று முதலியார் வினவினார். பிள்ளையின் பெயரைச் சொன்னால் எவரும் எழுந்து வணங்குவர். முதலியாரிடம் அத்தகைய அசைவொன்றும் இல்லை. என்ன நூல்கள் படித்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார். சாமிநாதையர் பட்டியலைத் தொடங்கினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், கலம்பகங்கள். ஒருவர் வாழ்நாளில் படித்து முடிக்க அரிதான பெருந்தொகை. கேட்டவர் முகத்தில் வியப்பில்லை. பிறகு புராணங்களையும் காப்பியங்களையும் இலக்கணங்களையும் அடுக்கினார். அதற்கும் அதே முகம். இவற்றைப் படித்து என்ன பயன் என்ற பொருள்படக் கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வினவினார் முதலியார். படித்ததில்லை. ஆசிரியர் பாடம் சொன்னதும் இல்லை.

நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லும் நிகழ்ச்சி இது. பழந்தமிழ் மீட்பின் தொடக்கப்புள்ளி என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அந்தக் கிழிந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தபோதுதான் அதன் வலி தெரிந்தது. மேசையின் இப்புறம் அமர்ந்தவர் அன்று சோம்பேறியல்லர், கல்லாதவரும் அல்லர். தம் காலத்தின் மிகப் பெரிய ஆசிரியரிடம் ஐந்தாண்டு கற்றவர். பட்டியலில் ஒரு சொல் பொய்யில்லை. ஆயினும் எதிரில் இருந்தவருக்கு அந்தப் பட்டியல் பழையது. எட்டு மாதம் முன்பு அதே பட்டியல்தான் வேலை வாங்கித் தந்தது.

சாமிநாதையர் என்ன செய்தார்? சினந்து எழுந்து வரவில்லை. அந்நூல்கள் கையில் கிடைக்கவில்லை. கிடைத்தால் படித்துப் பொருள் சொல்ல இயலும் என்று தன்னம்பிக்கையோடு சொன்னார். முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். படிக்கத் தொடங்கியபோது நச்சினார்க்கினியர் உரையே புதிராக இருந்தது. சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலிருந்த சமணர் வீடுகளைத் தேடிச் சென்று கேட்டு அறிந்தார். கல்லூரிப் பண்டிதர், சைவ மடத்தில் வளர்ந்தவர், பிற சமயத்தார் திண்ணையில் மாணாக்கராக அமர்ந்தார். ஏழாண்டுகள். 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

பழைய பட்டியலை அவர் எறிந்துவிடவில்லை என்பதே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் படித்துப் பழகிய காதும், மனப்பாடமாக இருந்த ஆயிரக்கணக்கான செய்யுள்களும் இல்லாமல், சிதைந்த ஏட்டில் அடி எங்கு முடிகிறது, எந்தச் சொல் விடுபட்டது என்று கண்டிருக்க முடியாது. முதலியார் பயனில்லை என்ற படிப்பே பதிப்புக்குக் கருவியாயிற்று. முதலியாரை வாழ்த்துவோர் இதனை மறந்துவிடுகிறார்கள். நமக்கு முதலியார்மேல் மதிப்பு உண்டு, ஆனால் அந்தக் கேள்வியின் முதற்பாதி சற்று மிகை என்பது நம் எண்ணம்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி 1919இல் ஓய்வு பெற்றார். 1924இல், எழுபதை நெருங்கும் வயதில், சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக மீண்டும் பணி ஏற்று 1927 வரை இருந்தார். இம்முறை எவரும் என்ன படித்தீர் என்று கேட்டிருக்க மாட்டார்கள். 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைத் தாண்டியிருக்கவில்லை. பிற்பாதி வாழ்க்கை அவர் கையால் எழுதப்படவில்லை.

நம் மாணவியின் 'சும்மா'வுக்குத் திரும்புவோம். துருவிக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஒன்பது ஆண்டுகளாக இவரே ஊக்குநர். தீர்மானப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, வங்கிக் கடன் தவணைக் கணக்கு எல்லாம் இவர் கையெழுத்து. தணிக்கைக்கு வந்தவர்கள் பிழை காணவில்லை. மாலையில் தெருப்பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குப் பாடம். கைப்பேசியில் ஒருங்குறித் தமிழ் தட்டுவது தண்ணீர் பட்ட பாடு. குழுவுக்கான மனுக்கள் எல்லாம் அப்படித்தான் அடிக்கிறார். கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், ஒன்பதாண்டு கணக்கெழுதியதை மறைத்துவிட்டுப் பாமினி எழுத்துருவை மட்டும் எழுதி வந்திருக்கிறார். 'சம்பளம் வாங்கலையே ஐயா, அதைப் போய் எழுதுறதா?' என்றார். திருவாவடுதுறையில் அந்த நான்காண்டுகளில் சாமிநாதையர் வாங்கிய சம்பளம் என்ன என்று கேட்டோம். விடை தெரிந்தவர்தாம், நம்மிடம் படித்தவராயிற்றே.

புதிய தாளில் வேலையை விட்ட ஆண்டையும் காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினோம். அச்சுக்கோப்பு நிலையத்து ஏழாண்டும், குழுக் கணக்கு ஒன்பதாண்டும் ஏறின. விண்டோஸ் 98 போயிற்று. பாமினியை நாமே விடச் சொல்லவில்லை, அதனருகில் ஒருங்குறி சேர்ந்தது. பழைய கோப்புகளைத் திறக்க அந்தப் பள்ளிக்கு அது தேவைப்படலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டிருந்தார். பதிவு மூப்பு போனது போனதுதான். அரசு சலுகை அறிவிக்கும்போது விண்ணப்பிக்கச் சொன்னோம். பரிந்துரைப்போர் என்னுமிடத்தில் ஆசிரியர் என நம் பெயரும், உடன் கற்றவர் என, இப்போது பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவருடைய தோழி பெயரும். பவணந்தியார் மறுக்கமாட்டார்.

கடைசியில் முகவரி. அரியலூர் மாவட்டம் என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். சான்றிதழ்களில் வேறு வேறாக இருக்கிறதே, கேட்டால் என்ன சொல்வது என்றார். கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தோம்: 'சான்றிதழ்களில் திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர் எனக் காணப்படுபவை அனைத்தும் ஒரே ஊரைக் குறிப்பன.' படித்துப் பார்த்துவிட்டு, 'இதுக்கும் மெய்க்கீர்த்தி மாதிரி ஆயிடுச்சுங்க ஐயா' என்று சொல்லித் தாளை மடிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டு மாலைப் பேருந்துக்குப் புறப்பட்டார்.